மையில் மெய், கல்லில் பொய்

மேற்கே போன வண்டிகள் - 9

ஐடஹோ மாநிலத்தின் தென்கோடியில் ஆல்மோ என்றொரு சிற்றூர். அதைத் தாண்டிச் சற்று தூரம் போனால், புதர்க்காட்டுக்கு நடுவே கிரானைட் பாறைகள் கோபுரம் கோபுரமாக எழுந்து நிற்கின்றன. 1849இல் இவ்வழியே போன ஓவியர் ஜேம்ஸ் வில்கின்ஸ் தன் நாட்குறிப்பில் இதைப் 'பாறைகளின் நகரம்' என்று எழுதினார். 'சிட்டி ஆஃப் ராக்ஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே 'இரட்டைச் சகோதரிகள்' என்று இரு சிகரங்கள் உண்டு. பெயரில்தான் இரட்டை. ஒருத்திக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. மற்றவளுக்கு 3 கோடிகூட இல்லை!

கலிபோர்னியா பாதையில் 1843 முதல் வண்டிகள் இதன் வழியே போயின. தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் கூட்டம் பெருகியது. 1852இல் மட்டும் சுமார் 52,000 பேர். இங்கே தங்கியவர்கள் பாறையில் தங்கள் பெயரை எழுதினார்கள். எதைக் கொண்டு? வண்டி மை. தாரும் கொழுப்பும் குழைத்த அந்தக் கறுப்புக் களிம்பு, வண்டியின் பின்பக்கம் ஒரு வாளியில் தொங்கிக்கொண்டே வரும். அச்சுக்குப் போட்டது போக மிச்சம், பாறைக்கு. 'கேம்ப் ராக்' என்ற பாறையில் அந்தப் பெயர்களும் தேதிகளும் மங்கலாக இன்றும் தெரிகின்றன.

ஆல்மோவில் இன்னோர் எழுத்தும் இருக்கிறது. ஐடஹோ மாநில வடிவிலேயே செதுக்கிய கல், நட்டது 1938இல். 1861இல் செவ்விந்தியர்கள் 300 பயணிகளைத் தாக்கினார்கள், ஐந்து பேர்தான் தப்பினார்கள் என்கிறது அது. வரலாற்றாசிரியர் பிரிகாம் மேட்சன் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தார். அந்தக் காலப் பத்திரிகைகளில் இல்லை. ராணுவக் குறிப்புகளிலும் இல்லை. இத்தனை பேர் செத்தது யார் காதிலும் விழாமல் இருக்குமா? நடக்காத படுகொலை என்பதே அவர் முடிவு.

நடந்தது வேறு. இது ஷோஷோனி மக்கள் பைன் கொட்டை பொறுக்கிய, வேட்டையாடிய பூமி. வந்தவர்களின் மாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்தன. வேட்டை விலங்குகள் குறைந்தன. பசித்தது ஷோஷோனிகளுக்கு, பழியும் அவர்களுக்கே. அந்தப் பசிக்கு ஆல்மோவில் யாரும் கல் நடவில்லை.

1869 மே 10. பக்கத்து மாநிலமான யூட்டாவின் ப்ரோமான்டரியில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சந்தித்தன. மை வாளிக்கு வேலை இல்லாமல் போன கதை, அடுத்த வாரம்.

(தொடரும்)