ஆக்சுபோர்டில் ஒரு கல்லெழுத்து

ஆக்சுபோர்டு நகரைக் காணச் செல்வோர் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியையும் போட்லியன் நூலகத்தையும் கண்டு மகிழ்ந்து மீள்வர். தமிழர் காணத்தக்க இடம் பிறிதொன்றுண்டு. வால்டன் தெருவையொட்டி அமைந்த புனித செபல்கர் கல்லறைத் தோட்டமே அது. 1908இல் மறைந்த ஜி. யு. போப் அங்குத் துயில்கின்றார்.

அண்டிரிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் கற்று நூல் செய்த நம் புன்னைக்காயலுக்குச் சாயர்புரம் தொலைவன்று. அச்சாயர்புரத்தில் 1842 முதல் பணியாற்றிய போப், முதுமையில் ஆக்சுபோர்டில் தமிழ் கற்பித்தார். பெரும்பணியொன்றைக் கைக்கொண்டிருப்பதே நீடு வாழும் வழி என்று பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் அவரை ஊக்கினாராம். ஜோவெட் 1893இல் மறைந்தார்; போப்போ 1900இல், தம் எண்பதாம் அகவையில், திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டார்.

தமிழ் மாணவன் ஒருவன் இங்கு உறங்குகிறான் என அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளதாக நம் மேடைகளில் முழங்குவோர் பலர். கவியரங்குகளில் அதற்குக் கைதட்டலும் மிகுதி. கல்லில் அத்தொடர் இல்லை. கீழ்த்திசை இலக்கியத்திற்கும் மெய்யியலுக்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்ததை வியந்து, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் நிறுவிய கல் இது என்பதே அங்குள்ள ஆங்கில வாசகத்தின் பொருள்.

மேடைத் தொடரினும் இதுவே எனக்கு இனிக்கின்றது. அக்கல்லில் நம்மவர் பங்கும் உண்டன்றோ! கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்து இங்கிலாந்தில் மறைந்த அவரை, தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றே அக்கல் குறிக்கின்றது.