ஞானம் யாருடையது? மயிலாப்பூர் தரும் பாடம்

சென்னைக் கடற்கரையில், 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகளுள் திருவள்ளுவர் சிலையும் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி. யு. போப்பையரின் சிலையும் உள்ளன. அங்கிருந்து தெற்கே சென்றால் தோமா அப்போஸ்தலரின் நினைவைப் போற்றும் சாந்தோம், அதனையடுத்து மயிலாப்பூர். வள்ளுவர் பிறந்த ஊர் இதுவே என்னும் மரபைத் தாங்கி நிற்கும் கோயிலொன்றும் அங்குண்டு. இவ்விரு மரபுகளும் ஒரே ஊரில் அருகருகே அமைந்தமை நம் திருச்சபை வரலாற்றில் ஒரு வினாவை எழுப்பிற்று. அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகள், திருமறையின் ஞான நூல்களை நாம் எவ்வாறு போதிக்கிறோம் என்பதையும் தொடுவன. ஆதலின் அவற்றை ஈண்டு ஆராய்வது பயனுடைத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அருட்பணியாளர் பலர் தமிழரின் அறநூல்களிலும் பழமொழிகளிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தனர். துரு ஐயர் குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 1840இல் வெளியிடத் தொடங்கினார். ஜெர்மானியரான கார்ல் கிரவுல் 1856இல் அதனை ஜெர்மன் மொழியில் தந்தார். துரு ஐயர் விட்ட பணியைத் தமிழ்ப் போதகரான ஜான் லாசரஸ் 1885இல் நிறைவு செய்தார். மறு ஆண்டில் போப்பையரின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பழமொழித் துறையிலும் இதே ஆர்வத்தைக் காண்கிறோம். பேதுரு பெர்சிவல் 1842இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட தொகுப்பு, பின்னர் சென்னையில் விரிவாக்கப்பட்டபோது ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டதாயிற்று. லாசரஸ் 1894இலும் டேனிய அருட்பணியாளரான ஜென்சன் 1897இலும் தத்தம் தொகுப்புகளை வெளியிட்டனர். சந்தையிலும் கிணற்றடியிலும் மக்கள் பேசும் அறிவை அறியாதவன் அவர்களுக்கு அருளுரை ஆற்ற இயலாது என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம்.

எனினும், போப்பையர் தம் முன்னுரையில் ஒருபடி கடந்து சென்றார். வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவ போதகரோடு உலவி, அவர்தம் கருத்துகளை உள்வாங்கியிருக்கலாம் என்று அவர் கற்பனை செய்தார். சான்றின்றிக் கூறப்பட்ட இவ்வூகம் பிற்காலத்தில் வளர்ந்தது. 1969 முதல் வள்ளுவரைக் கிறிஸ்தவர் என்றே நாட்ட முயலும் நூல்கள் தோன்றின, சைவ அறிஞர் மறுத்தெழுதினர், பூசல் நீண்டது. வள்ளுவர்க்கும் தோமாவுக்கும் உறவு காட்டும் பழஞ்சுவடிகள் என்று சொல்லிப் போலியானவற்றைக் காட்டித் திருச்சபையின் உயர் நிலையில் இருந்தோரிடம் பெரும்பொருள் பெற்ற ஒருவருக்கு 1986இல் சென்னை நீதிமன்றம் தண்டனை விதித்தது. பேதையே எதையும் நம்புவான், விவேகியோ தன் நடையை ஆராய்வான் என்னும் கருத்து நீதிமொழிகளில் உண்டு (நீதி. 14:15). ஞானம் நம்முடையதே என்று நாட்டப் புகுந்த முயற்சி, ஞானத்தின் முதற்பாடத்தையே மறந்தது வருந்தத்தக்கது.

இத்தகைய நாட்டல் நமக்குத் தேவைதானா? திருமறையையே கேட்போம். நீதிமொழிகள் நூல் முழுவதும் சாலொமோனுடையது என்று அந்நூலே கூறவில்லை. எசேக்கியாவின் மனிதர் பெயர்த்தெழுதிய பகுதி அதிலுண்டு (25:1). ஆகூரின் வார்த்தைகளும், லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் புகட்டிய உபதேசமும் அதிலுண்டு (30, 31). சாலொமோனின் ஞானத்தைப் புகழும் ஆசிரியர் கிழக்கத்தியரின் ஞானத்தையும் எகிப்தியரின் ஞானத்தையும் இல்லையென்று மறுக்கவில்லை, அவற்றோடு ஒப்பிட்டே புகழ்கிறார் (1 இராஜா. 4:30). எகிப்திய ஞானியான ஆமெனெமொபேயின் போதனை 1923இல் பட்ஜ் என்பாரால் பதிப்பிக்கப்பட்டது. அதற்கும் நீதிமொழிகள் 22:17 முதலான பகுதிக்கும் உள்ள நெருங்கிய ஒப்புமையை மறு ஆண்டிலேயே எர்மான் எடுத்துக்காட்டினார். இஸ்ரவேலர் அயலாரின் ஞானத்தைக் கேட்டனர். கேட்டதைக் கர்த்தருக்குப் பயப்படும் பயத்தின் கீழ் வைத்தனர் (1:7). அயலார் எம்மிடமே கற்றனர் என்று நாட்ட அவர்கள் முற்படவில்லை. ஞானத்தின் ஊற்று தேவனே என்று அறிந்தவர்க்கு அதன் வாய்க்கால்களைக் குறித்து வழக்காட வேண்டிய தேவை இல்லை.

நம் தமிழ் வேதாகம வரலாறும் இதனையே உரைக்கிறது. பெர்சிவலின் மேற்பார்வையில் உருவாகி 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் அவர்க்குத் துணைநின்றவர் சைவப் பெரியாரான ஆறுமுக நாவலர். அவர் தம் சமயத்தை விடவில்லை. ஆயினும் திருமறையின் மொழி அவர் தமிழால் வளம் பெற்றது.

இனி, நாம் உண்மையாகக் கேட்கவேண்டிய வினா வேறு. இந்த ஞானம் நம் சபையாரின் அன்றாட வாழ்வில் எங்கே காணப்படுகிறது? மயிலாப்பூரையடுத்து நீண்டு கிடந்த ஏரியின் பரப்பில் 1920களில் எழுந்தது தியாகராய நகர். இன்று அது பெருங்கடைவீதி. அங்கே பேரம் பேசுகையில் மட்டம், மட்டம் என்று பழித்துவிட்டு, வாங்கியபின் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்வோனை நீதிமொழிகள் முன்னரே கண்டுவைத்திருக்கிறது (20:14). கள்ளத் தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று கடைக்காரர்க்குப் போதிக்கும் நாம் (11:1), வாங்குவோன் நாவிலும் ஒரு தராசு உண்டு என்பதைச் சொல்ல மறக்கிறோம்.

பணத்தைக் குறித்தும் அவ்வாறே. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்பத்நாட் வங்கி முறிந்தபோது, அதன் பெரும்பெயரை நம்பிய சென்னைக் குடும்பங்கள் பல சேமிப்பை இழந்தன. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் புலம்பலோடு நில்லாது முன்னின்று உழைத்து, 1907இல் இந்தியன் வங்கி தோன்ற வழிசெய்தனர். கெட்டதைக் கண்டு திருந்துவதும், திருந்தியதைப் பிறர்க்குப் பயன்பட அமைப்பதும் ஞானமன்றோ? அவர்கள் நம் சபையார் அல்லர். எனினும் நாம் அவர்களிடம் கற்கலாம். 1990களில் மிகுவட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் பல கவிழ்ந்தபோதும் இதே பாடம் மீண்டும் கற்கப்பட்டது. பிணைப்படுதலைக் குறித்தும் (22:26, 27), விரைவில் சேர்த்த பொருளைக் குறித்தும் (13:11) நம் பிரசங்க பீடங்களிலிருந்து எத்தனை அருளுரைகள் கேட்கப்படுகின்றன?

இன்னும் ஒன்று. அடையாற்றிலும் மயிலையிலும் கிறிஸ்தவ இல்லங்களில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் மாதக்கூலி எந்நாளில் கொடுக்கப்படுகிறது என்பது சிறிய காரியமன்று. கையில் இருக்கையில் நாளை வா என்று அயலானை அனுப்பலாகாது என்பது நீதிமொழிகளின் கட்டளை (3:28). கொடாது நிறுத்தப்பட்ட கூலி சேனைகளின் கர்த்தருடைய செவியில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (5:4). விசுவாச அறிக்கையைப் பிழையறச் சொல்லும் குடும்பம் இவ்விடத்தில் இடறுமாயின், அதன் ஞானம் ஏட்டிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே இறையியல் மாணவர்க்கும் ஆயர்க்கும் நாம் கூற விரும்புவது இதுவே. நீதிமொழிகளில் அருளுரை ஆயத்தம் செய்யும் வாரத்தில், விளக்கவுரைகளோடு சபையாரின் வரவு செலவையும் கேட்டறியுங்கள். வீதியில் வழங்கும் பழமொழியைச் செவிமடுங்கள். குறளை நன்றியோடு கற்றுக்கொள்ளுங்கள். அதனை நம்முடையதாக்க முயலாதீர்கள். கிறிஸ்துவே தேவஞானம் என்று அறிக்கையிடுகிற நாம் (1 கொரி. 1:24), அந்த ஞானத்தை மயிலாப்பூரின் பழஞ்சுவடிகளில் தேடி நாட்டவேண்டுவதில்லை. யாக்கோபு கேட்பதுபோல, ஞானத்துக்குரிய சாந்தத்தோடு நம் நல்ல நடக்கையினால் அதனைக் காண்பிப்பதே (3:13) நம்மேல் விழுந்த கடன்.