ஆடுவோர்க்கு இடம் விட்ட ஏடுகள்: திருத்திய தொகைப்பதிப்பு எவற்றுக்கு வேண்டும்?

1. சிக்கல்

திருநீர்மலையின் அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் இருந்த கோலம், அரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த இத்தலத்தில், நான்கு கோலங்களுள் எது மூலம் என்று சேவிக்க வருபவர் எவரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பழைய நூலைக் கையிலெடுக்கும் பதிப்பாசிரியர் கேட்கும் முதற்கேள்வி அதுதான்: பல பாடங்களுள் எது மூலம்? படிப்பதற்கென்று எழுந்த நூலுக்கு அக்கேள்வி தகும். ஆடுவதற்கென்று எழுந்த நூலுக்கும் அதுவே தகுமா என்பதே இக்கட்டுரையின் சிக்கல்.

மலையை அடுத்த பம்மல், தம் பெயரோடு அவ்வூர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்ட சம்பந்த முதலியாரால் (1873–1964) தமிழ் நாடக வரலாற்றில் இடம்பெற்றது. திருநீர்மலையும் பம்மலும் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்குகின்றன. இங்கிருந்து தெற்கும் மேற்குமாகச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று நகர்ந்தால் திரௌபதி அம்மன் கோயில்களும் பாரதக் கூத்தும் வழங்கும் நிலப்பகுதி. சபா நாடகமும் கூத்தும் இப்படி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்பிலிருந்து பார்த்தால், பழைய ஆட்டப் பனுவல்களுள் எவை மறுபதிப்போடு அமையும், எவை திருத்திய தொகைப்பதிப்பை வேண்டும் என்ற வேறுபாடு துலங்கும். அவ்வேறுபாட்டுக்கு ஓர் அளவுகோல் தரவும், அதன்படி பாரதக் கூத்துத் தொடரே முதலிடம் பெறவேண்டும் என நிறுவவும் இக்கட்டுரை முயல்கிறது.

2. அயலிலிருந்து ஓர் ஒப்பீடு

இச்சிக்கலை வேறொரு துறை அண்மைக்காலத்தில் நேராக எதிர்கொண்டிருக்கிறது. 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' முதலாக வளர்ந்த வேடமேற்பு விளையாட்டில் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவர். ஒரு கதை பல மாதங்கள் நீள்வதுண்டு. அத்தகைய நெடுந்தொடருக்கான ஏட்டில் கதை முழுதும் இராது. களம், மாந்தர், முடிச்சு, உரக்கப் படிக்கவேண்டிய சில பத்திகள் ஆகியவை மட்டும் இருக்கும். மீதியை ஆடுவோர் இட்டு நிரப்புவர்.

இவற்றுள் புகழ்பெற்ற ஒன்று 'மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோத்தெப்'. 1984-இல் வெளிவந்த இத்தொடர் 2018-இல் விரிவாகத் திருத்தப்பட்டபோது, பெரு நாட்டில் நிகழும் புதிய முன்கதை ஒன்றும் சேர்க்கப்பட்டது. 1986-இல் தொடங்கிய 'தி எனிமி விதின்' 2020 முதல் ஐந்து பாகங்களாக மறுவடிவம் பெற்றது. அதன் பழைய இறுதிப்பகுதி ஆடியவர்க்கு நிறைவளிக்கவில்லை. எனவே புதிய முடிவு எழுதப்பட்டது. இங்கே கருதத்தக்கது வேறொன்று. முன்பே ஆடியவர்க்குக் கதையின் மறைபொருள் தெரிந்திருக்கும் என்பதால், அவர்களை முன்னிட்டு மாற்று வழிகள் ஆங்காங்கே தனிக்கட்டங்களில் தரப்பட்டன. நம் பதிப்புகளின் அடிக்குறிப்பில் வரும் பாடபேதத்துக்கு நிகரானது இது. ஆனால் பாடபேதம் கடந்தகாலத்தைப் பதிவு செய்கிறது. இக்கட்டங்களோ அடுத்த ஆட்டத்துக்கு வழி சொல்கின்றன.

இவ்வொப்பீட்டிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம். ஒன்று, தொடர்ச்சி: பகுதிகள் தனித்தனியே ஆடப்பட்டாலும் ஒரு பெருங்கதையாகக் கோக்கப்பட்டவையா? இரண்டு, வழக்கு: இன்றும் ஆடுவோர் உள்ளனரா? மூன்று, இடைவெளி: ஏட்டில் எழுதாமல் விட்டது எவ்வளவு, அதை அறிந்தவர் யார்? மூன்றும் ஒருங்கே அமைந்த பனுவலுக்கே திருத்திய தொகைப்பதிப்பு இன்றியமையாதது. பழமையும் புகழும் மட்டும் போதா.

3. மூன்று பனுவல் தொகுதிகள்

சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர். பலவற்றைத் தாமே அச்சிட்டு வெளியிட்டவர். வழக்கறிஞரும் அலுவலரும் ஓய்வுநேரத்தில் நடித்த சபையில், எழுதியதை எழுதியபடி மனனம் செய்து, பலமுறை ஒத்திகை பார்த்து மேடையேறுவதே ஒழுங்கு. ஆகவே ஆசிரியர் பாடம் என்ற ஒன்று இங்கே ஐயத்துக்கிடமின்றி உண்டு. 'மனோகரா' 1954-இல் திரைப்படமானபோது மு. கருணாநிதியின் வசனம் மக்கள் நாவில் நிலைத்தது. மூலநாடகத்தின் வசனம் நூலகத்துக்குள் ஒதுங்கியது. 'சபாபதி' பெற்ற நிலையும் ஏறத்தாழ இதுவே. ஷேக்ஸ்பியரைத் தழுவிய 'அமலாதித்யன்', 'வாணிபுர வணிகன்', 'மகபதி' ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் படிக்கும் வாய்ப்பு பொது வாசகர்க்கு அரிது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கழிந்ததால், இவற்றை இன்று எவரும் பதிப்பிக்கலாம். இவற்றுக்கு வேண்டியது பிழையற்ற தொகுப்பு. உடன் 'நாடகமேடை நினைவுகள்' தரும் மேடைச் செய்திகளை அந்தந்த நாடகத்தோடு பொருத்திக் காட்டும் குறிப்புரை. திருத்தத்துக்கு இங்கே வேலை குறைவு.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்கள் இடைநிலையில் நிற்கின்றன. தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி அன்றிரவு மேடையில் ஒன்றுகூடுவர். 'வள்ளி திருமணம்' இவ்வாறு நடப்பதற்குக் காரணம், பாட்டும் கதைப்போக்கும் எல்லோர்க்கும் பொதுச்சொத்தாக இருப்பதே. முருகனுக்கும் வள்ளிக்கும் இடையிலான தர்க்கம் நடிகரின் வாய்த்திறத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும். வழக்கும் இடைவெளியும் இங்கே உண்டு. ஆயினும் 'கோவலன்', 'பவளக்கொடி', 'வள்ளி திருமணம்' ஆகியவை தனிநின்ற கதைகள், தொகுத்தாலும் தொடராகா.

மூன்றாவது பாரதக் கூத்து. திரௌபதி அம்மன் விழாவில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைப்பார். இரவில் கூத்து நடக்கும். திரௌபதி கல்யாணம், இராஜசூய யாகம், துகில், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என இரவுகள் ஒன்றையொன்று பற்றிச் செல்லும். இன்னின்ன இரவுகள் என்பது ஊரின் வசதிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாறும். தபசு மரம் ஏறும் நாளில் கோயில் வெளியே ஆடுகளமாகிவிடும். பதினெட்டாம் போர் முடிகையில், மண்ணால் படுத்த நிலையில் செய்த துரியோதனன் உருவத்தருகே படுகளம் நடக்கும், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள், பின் தீமிதி. ஊரார் பார்வையாளராக மட்டும் நில்லாமல் அஸ்தினாபுரத்துக் குடிகளாகவும் ஆகின்றனர். மூன்று அளவுகோல்களும் நிறைவாகப் பொருந்துவது இதற்கே.

4. எந்த முறையில் பதிப்பது?

புணே பண்டார்கர் நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்த மகாபாரத ஆய்வுப்பதிப்பு, சுவடிகளை ஒப்பிட்டுத் தொன்மையான பொதுப்பாடத்தை மீட்க முயன்றது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல் தமிழில் வேரூன்றிய பதிப்பு நெறியும் திருந்திய ஒரு பாடத்தையே தேடியது. அம்முறை இல்லையேல் சங்க இலக்கியம் நம் கைக்கு இந்நிலையில் வந்திராது. ஆனால் அதைக் கூத்தின்மேல் அப்படியே போர்த்தினால் உயிர்ப்பகுதி கழிந்துபோகும். துரியோதனன் குருதியைத் தடவிக் கூந்தல் முடிப்பேன் என்ற பாஞ்சாலியின் சபதம் புணேப் பதிப்பின் மூலபாடத்தில் இல்லை. கூத்திலோ துகில் இரவிலிருந்து படுகளம் வரை எல்லாவற்றையும் இழுத்துச் செல்லும் கயிறு அதுதான். கர்ண மோட்சத்தின் நெஞ்சமாக நிற்கும் பொன்னுருவியும் வியாசரிடம் இல்லை. தொன்மையைத் தேடினால் இவ்விரண்டும் இடைச்செருகல். ஆட்டத்தைத் தேடினால் இவையே மூலம்.

மறுபுறம், சென்னை இரத்தின நாயகர் போன்ற வெளியீட்டாரின் மலிவு அச்சு நாடகங்கள் நெடுங்காலம் ஊரூராகச் சென்றன. பனுவல் பரவியதற்கு அவற்றுக்குக் கடன்பட்டுள்ளோம். ஆயினும் அவற்றில் விருத்தமும் தருவும் வசனமும் இடம் மிச்சம்பிடிக்கும் நோக்கில் நெருக்கி அச்சிடப்பட்டன, சீர்பிரிப்பு குலைந்தது. நளவெண்பா பாடிய புகழேந்தியின் பெயர் கர்ண மோட்சத்தின் தலையிலும் ஏறியது. ஆடுவோர் இவ்வச்சை அப்படியே பின்பற்றுவதுமில்லை. வாத்தியார் கைநோட்டில் வெட்டியும் ஒட்டியும் ஆடும் வடிவம் வேறு.

ஆய்வுலகம் இத்துறையை அறியாமலில்லை. ஆல்ஃப் ஹில்டபெய்டலின் திரௌபதி வழிபாட்டு ஆய்வு 1988, 1991 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் தெருக்கூத்து நூல் 1990-இல் வந்தது. கர்ண மோட்சத்தை ஹன்னே த புருயின் ஆங்கிலத்தில் பெயர்க்க, 1998-இல் புதுச்சேரியில் வெளியாயிற்று. ந. முத்துசாமியின் எழுத்தும் அவர் 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை நவீன நாடகத்தாரின் கண்முன் நிறுத்தின. இவற்றால் தனிக்கூத்துகளும் சடங்கும் ஆழமாக அறியப்பட்டன. இரவுகளைக் கோத்து, ஆடுவோர் பயன்கொள்ளத்தக்க தமிழ்த் தொகைப்பதிப்பு என்ற வேலை வேறுவகைப்பட்டது.

அப்பதிப்பின் பக்க அமைப்பிலேயே கொள்கை வெளிப்படவேண்டும். கூத்துப் பனுவலில் மூன்று அடுக்குகள் உள்ளன. விருத்தமும் தருவும் ஏறத்தாழ நிலைபெற்றவை. வசனம் பாதி நிலைபெற்றது: இன்ன செய்தி வரவேண்டும், சொற்கள் ஆடுபவருடையவை. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பேச்சு திறந்த வெளி. அவன் துரியோதனன் சபையில் நின்றபடியே அவ்வூர்க் குடிநீர்த் தொட்டியைப் பற்றியும் பேசுவான். இம்மூன்றையும் ஒரே எழுத்தில் அச்சிடுவது பிழை. முதலடுக்குக்கு ஒப்பிட்டுத் திருத்திய பாடமும் ராகதாளக் குறிப்பும் வேண்டும். இரண்டாம் அடுக்குக்கு, வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என வழங்கும் மரபுகளிலிருந்து இரண்டு மூன்று மாதிரி வசனங்களை அருகருகே தரவேண்டும். மூன்றாம் அடுக்கில் பேச்சையே அச்சிடாமல், அவ்விடத்தில் கட்டியக்காரன் என்ன பணி செய்கிறான் என்பதைச் சொன்னால் போதும்: வேடம் மாறக் காலம் வாங்குகிறானா, துயரத்தை இறக்குகிறானா, அரசனை இடிக்கிறானா.

5. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: அச்சு கூத்தை உறைய வைத்துவிடும். இது அஞ்சத்தக்கதே. ஆனால் உறைய வைப்பது ஒற்றைப் பாடத்தை முடிந்த பாடமாகக் காட்டும் அச்சு. மாற்றுகளையும் வெற்றிடத்தையும் வெளிப்படையாகக் காட்டும் அச்சு, உரிமையை ஆடுபவரிடமே திருப்பித் தருகிறது.

இரண்டாவது வலுவானது: கைநோட்டு ஒரு குடும்பத்தின் பிழைப்பு, அதை அச்சேற்றிப் பொதுவாக்குவது நியாயமா? புலவர் வீட்டுப் பரண்களில் சுவடி தேடியவர்க்கு எழாத கேள்வி இது. அச்சுவடிகளை நம்பி எவரும் மறுநாள் ஆட்டத்துக்கு முன்பணம் வாங்கவில்லை. எனவே வாத்தியார்கள் தகவல் தருவோராக அன்றி, பெயரும் ஊதியமும் உரிமைப்பங்கும் உள்ள பதிப்பாசிரியராகவே சேரவேண்டும். அவர் வெளியிட விரும்பாத பகுதி வெளிவரக்கூடாது.

மூன்றாவது: சாதி, பெண் குறித்த இழிந்த நகைச்சுவையை நீக்குவதா? பொ. ராஜகோபால் முன்னின்ற காஞ்சிபுரம் கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தொடங்கி, 2002 முதல் குருகுலத்தில் சிறுமியர்க்கும் பயிற்சி தந்தது. ஆண்களே பெண்வேடம் கட்டிய மரபில் ஒரு பெண் திரௌபதியாக நிற்கும்போது, துச்சாதனனின் சில சொற்கள் முன்போல் ஒலிக்கமாட்டா. என் கருத்து: நிலைபெற்ற பாடலில் கைவைக்கலாகாது; வரலாற்றுச் சான்று என்ற குறிப்போடு அது நிற்கட்டும். வசன மாதிரிகளுள் இன்றைய கலைஞர் ஆடும் மாற்று கட்டாயம் இடம்பெற வேண்டும். தேர்வு அவர்களுடையது.

6. முடிவுரை

சம்பந்த முதலியாருக்குத் தொகுப்பு, சங்கரதாஸருக்குப் பாடல்களை மையமிட்ட செம்பதிப்பு, பாரதக் கூத்துக்குத் திருத்திய தொடர்ப்பதிப்பு என்பதே இக்கட்டுரையின் வரிசை. முன்னிரண்டும் சிறிது காத்திருக்கும். அவற்றின் சொற்கள் பெரும்பாலும் தாளில் உள்ளன. மூன்றாவதில் பாதி, பின்பாட்டுக்காரர் நினைவிலும் முகவீணைக்காரர் விரலிலும் இருக்கிறது. தொடங்குவதானால் பதினெட்டாம் போரிலிருந்து தொடங்கலாம். எல்லா இரவுகளின் முடிச்சுகளும் அங்கே வந்து அவிழ்வதால், முந்தைய கூத்துகளில் எது தவிர்க்க முடியாதது என்பதை அது தானே காட்டிக்கொடுக்கும்.

அப்பதிப்பின் ஓரங்கள் அகலமாக இருக்கட்டும். சில ஆண்டு கழித்து ஒரு ஜமாவின் வேடப்பெட்டியிலிருந்து அதை எடுத்துப் பார்க்கும்போது, அவ்வோரங்களில் வாத்தியாரின் பென்சில் திருத்தங்கள் ஏறியிருந்தால் பதிப்பு தன் வேலையைச் செய்தது என்று கொள்ளலாம். தாள்கள் கசங்காமல் புத்தம்புதிதாக இருந்தால், நாம் பதிப்பித்தது படிப்பதற்கான இன்னொரு நூல்தான்.