இரு பெரிய வெள்ளிகள்

1964-ஆம் ஆண்டு மார்ச் 27, பெரிய வெள்ளி. அன்று மாலை அலாஸ்காவை உலுக்கிய நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த பேரலை, செனீகா என்னும் சிற்றூரை வாரிச் சென்றது. ஊராரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர். எஞ்சிய பழங்குடி மக்கள் இருபது ஆண்டுகள் சிதறி வாழ்ந்து, 1984-இல் வேறொரு தீவில் தங்கள் ஊரை மீண்டும் எழுப்பினர். தங்களைக் கொன்ற கடலின் கரைக்கே திரும்பினர். மீனவரை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை.

1989 மார்ச் 24, மீண்டும் பெரிய வெள்ளி. நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் 'எக்ஸான் வால்டீஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் பிரின்ஸ் வில்லியம் வளைகுடாவில் பாறைத்திட்டின்மேல் ஏறி, அடிவயிறு கிழிந்தது. ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்து, சுமார் 2,000 கிலோமீட்டர் கரையோரத்தில் படிந்தது. செனீகாவின் கரையும் தப்பவில்லை. கடலே உணவுக் களஞ்சியமாயிருந்த அம்மக்கள், அதில் விளைந்ததை உண்ண அஞ்சினர்.

கடல் நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப் போலத் தடித்த தோலடிக் கொழுப்பு இல்லை. அடர்ந்த மயிரிடையே தங்கும் காற்றே அதற்குப் போர்வை. எண்ணெய் படிந்ததும் மயிர் ஒட்டிக்கொள்ள, குளிர்நீர் உடலைத் தொட்டது. நக்கித் தூய்மை செய்ய முயன்றபோது நஞ்சு வயிற்றினுள் சென்றது. ஏறத்தாழ 2,800 நீர்நாய்களும் இரண்டரை இலட்சம் கடற்பறவைகளும் மடிந்தன என்பது கணிப்பு.

கரையைக் காக்கப் புறப்பட்டவர்கள் வெந்நீரை மிகுந்த அழுத்தத்துடன் பாறைகள்மீது பீய்ச்சினர். எண்ணெய்க்குத் தப்பிய சிப்பிகளும் பாசிகளும் அவ்வெந்நீரில் மடிந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, அவ்வாறு கழுவப்படாத கரைகள் கழுவப்பட்டவற்றைவிட விரைவில் உயிர்பெற்றிருக்கக் கண்டனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கறுத்த கரையைக் கண்டு கைகட்டி நிற்க யாரால் இயலும்? ஆயினும், பொறுமையும் ஒரு பணி என்பதை நாம் எளிதில் ஏற்பதில்லை.

1993-இல் அவ்வளைகுடாவின் ஹெர்ரிங் மீன்வளம் சரிந்தது. எண்ணெய்க்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. கூழாங்கற்களுக்கு அடியிலோ, பத்தாண்டுகளுக்குப் பின்னரும் தோண்டிய குழிகளில் எண்ணெய் ஊறியது.

எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை அடிச்சுவர் வேண்டுமென 1990-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அந்தக் கப்பலோ செப்பனிடப்பட்டு, பெயர்கள் பல மாறி ஓடிற்று. 2012-இல் 'ஓரியண்டல் நைசிட்டி' என்ற பெயரோடு குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு வந்தது. நம் உச்சநீதிமன்றம் இசைவளித்தபின், அதனை உடைக்கும் வேலை நம் நாட்டுத் தொழிலாளரின் கைகளுக்கு வந்து சேர்ந்தது.