படிக்கட்டின் அடியில் ஒரு தாய்ப் பூனை

திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் பூனையில்லாத தெரு அரிது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் அருகிருக்க இரைக்குக் குறைவில்லை. ஆயினும் குட்டி ஈனும் காலம் வந்தால் அது நம் வீட்டுப் படிக்கட்டின் அடியையோ பரணையோ நாடி வருகிறது. வழக்கும் அப்போதே எழுகிறது: தொழும் இடத்தில் பூனை நடக்கலாமா, அது வாய் வைத்த தண்ணீரில் ஒளூ செய்யலாமா? விடை தேடுமுன்பே குட்டிகள் கோணிப்பையில் ஏறிவிடுகின்றன.

கேள்வி பழையது, விடையும் பழையதே. அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளூ செய்ய, அவர்தம் மருமகள் கப்ஷா தண்ணீர் எடுத்து வைத்தார். பூனையொன்று குடிக்க வந்தது. அவர் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். மருமகள் வியந்து நோக்கவே, பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருபவற்றுள் அதுவும் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார். அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவான செய்தி இது. ஷாஃபிஈ மத்ஹபில் அத்தண்ணீர் தூய்மையானது. ஹனஃபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கையில் அதைப் பயன்படுத்துவது மக்ரூஹ், அவ்வளவே.

5,374 ஹதீஸ்களை அறிவித்தவராகக் கணக்கிடப்படும் அபூ ஹுரைரா (ரலி) அவர்களின் பெயரே பூனைக்குட்டியால் வந்தது. ஆடு மேய்த்த நாளில் ஒரு குட்டியை இரவில் மரத்தில் விட்டுவைத்து, பகலில் உடன் கொண்டுசென்று விளையாடினாராம். (நபியவர்கள் உறங்கும் பூனைக்காகத் தம் சட்டைக் கையை வெட்டினார்கள் என்று பரவும் கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. மெய்யான செய்திகள் இத்தனை இருக்க அது நமக்கெதற்கு?)

நம்மைப் பெரிதும் கவர்வது கெய்ரோவின் வரலாறு. 1260 முதல் 1277 வரை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைக் கதியற்ற பூனைகளுக்கென வக்ஃபு செய்தார். பொறுப்பாளர்கள் அதை விற்றனர், வாங்கியோரும் விற்றனர். 1830களில் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் வில்லியம் லேன் காணும்போது, ஆண்டுக்கு 15 பியாஸ்தர் குத்தகைப் பணமே எஞ்சியிருந்தது. ஆயினும் தலைமைக் காழி எஞ்சிய செலவைத் தாமே ஏற்று, நாள்தோறும் பிற்பகலில் நீதிமன்ற முற்றத்தில் இறைச்சித் துண்டுகள் இடச் செய்தார். பூனையை வேண்டாதவர்கள் அம்முற்றத்திலேயே கொண்டுவந்து விட்டனராம். வக்ஃபு சொத்து கரைந்த கதை நமக்குப் புதிதன்று. கரைந்த பின்னும் கடமை நின்றது என்பதே அரிது.

2020 பிப்ரவரியில் நம் சென்னைத் துறைமுகத்திலும் ஒரு பூனை வழக்கானது. சீனாவிலிருந்து பொம்மைகள் ஏற்றி வந்த கொள்கலனில் அது உயிரோடிருந்தது. கொரோனா அச்சத்தால் அதிகாரிகள் அதைத் திருப்பியனுப்ப முனைந்தனர். பீட்டா இந்தியா அமைப்பு எதிர்த்தது. ஏப்ரலில்தான் அதற்கு விடுதலை கிடைத்தது.

நம் படிக்கட்டின் அடியில் இருப்பதற்கோ எந்த அதிகாரியின் ஆணையும் வேண்டியதில்லை. குட்டிகள் கண் திறக்க ஏழு முதல் பத்து நாள். நான்காம் வாரத்தில் மென்மையான உணவு ஏற்கும். எட்டு வாரம் தாயோடு இருந்தால் பிறர் வீட்டுக்குக் கொடுக்கலாம். பசும்பால் குட்டிகளின் வயிற்றுக்கு ஒவ்வாது. தாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீரும், முள் நீக்கி வேகவைத்த மீனும் வைத்தால் போதும்.