முசுவும் குறிஞ்சியும்: நீலகிரியின் ஈருயிர்களும் ஓர் ஆஸ்திரேலிய மரமும்

தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றைப் பிரித்துரைக்கிறது. மூன்றன் பெண்பாற்கும் மந்தி என்பது பொதுப்பெயர். கலை என்னும் ஆண்பாற்பெயரோ மானினத்துப் புல்வாய்க்கும் உழைக்கும், குரங்கினத்தில் முசுவுக்குமே உரியது. ஆதலின், குறுந்தொகை 69ஆம் பாடலில், கலை இறந்ததும் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலைச்சரிவில் பாய்ந்து உயிர்விடும் மந்தியை முசு எனக் கொள்வதே மரபுக்கு இயைபுடையது. அத்தொகையின் 3ஆம் பாடல் கரிய கொம்புடைய குறிஞ்சியையும் அதன் பூவில் விளையும் தேனையும் பேசுகிறது.

ஒரே நிலத்து உயிர்களாயினும் இவற்றின் இருப்பிடம் வேறு. கருமந்தி எனப்படும் நீலகிரி முசு சோலைமரங்களில் வாழ்வது. நீலக்குறிஞ்சி, சோலைகளைச் சூழ்ந்த புல்வெளிச் செடி.

ஐரோப்பிய அறிவியல் இவ்விரண்டையும் மூன்றாண்டு இடைவெளியில் பெயரிட்டது. 1829இல் முசுவுக்குக் கடற்கரைத் தரங்கம்பாடியின் சமயப்பணியாளர் ஜான் பெயரும், 1832இல் குறிஞ்சிக்கு அமெரிக்கத் தாவரங்களை வகைப்படுத்திய ஜெர்மானியர் குந்த் பெயரும் சூட்டப்பட்டன. குந்திப்புழை ஆற்றின் பெயரே குறிஞ்சிக்கு வந்தது என்பது பின்னாளைய வழக்கு, பொருந்துவதன்று.

பெயரினும் பெரிய மாற்றம் மரத்தால் நேர்ந்தது. மெல்போர்ன் சுற்றுப்புறக் காடுகளில் இயல்பாக வளரும் வாட்டில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே நீலகிரியை அடைந்தது. மலைமக்கள் அதனைச் சீகை என்றனர். விறகுக்கும், பின்னர்த் தோல் பதனிடும் பட்டைக்குமாகப் புல்வெளிகளில் அது பரப்பப்பட்டது. புல்வெளியை வெற்றுநிலம் என எண்ணியதே இதன் அடிப்படைப் பிழை.

விளைவு ஒருபடித்தானதன்று. முசு சீகைத் தளிரை உண்ணக் கற்றது. அதற்கு நேர்ந்த பெருங்கேடு வேட்டை. கருங்குரங்கு லேகியத்தின் பொருட்டு அது கொல்லப்பட்டது, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டமே காப்பளித்தது. குறிஞ்சிக்கு அத்தகைய நெகிழ்வில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூத்து, விதையுதிர்த்து மடியும் அச்செடிக்கு, விதை விழும் இடம் வெயில்படும் திறந்த நிலமாதல் வேண்டும். சீகை விதையோ மண்ணுள் பல பத்தாண்டுகள் உறங்கித் தீப்பட்டதும் கூட்டமாக முளைப்பது.

தமிழ்நாட்டில் இன்று சீகையை அகற்றும் பணி நடைபெறுகிறது. புல்வெளியில் அதனை விரைந்து நீக்குவது குறிஞ்சிக்கு நன்று. சோலையோரத் தோப்புகளிலோ, சோலைமரக் கன்றுகள் எழும் அளவுக்கேற்பப் படிப்படியாகவே வெட்டுதல் தகும். அங்கே முசு மேய்கிறது.