பழைய பியட் காரைப் படிக்கும் கலை

அருள்புரத்தில், பல்லடம் சாலையை ஒட்டிய ஒரு கொட்டகையில் சென்ற ஆண்டு ஒரு கார் விற்பனைக்கு நின்றது. ஆகாய நீல வண்ணத்தில் புதுப்பெண் போல மின்னிய பிரிமியர் பத்மினி அது. எங்கள் தெருவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் அதை வாங்க ஆசைப்பட்டார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். இளமையில் முதலாளியின் பியட் காரைத் துடைத்து நிறுத்திய நாள் முதல் மனத்தில் வளர்ந்த ஆசை அது. “சார், ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க. முப்பது வருசத்துக் காசுங்க” என்றார்.

நான் மெக்கானிக் அல்லன். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். ஆயினும் ஒப்புக்கொண்டேன். பழைய காரைச் சோதிப்பதற்கு இரண்டு அறிவு தேவை. அது எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்ற வரலாறு ஒன்று. உலோகம், வெப்பம், விசை ஆகியவை எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற பௌதிகம் மற்றொன்று. எங்கே பார்க்க வேண்டும் என்பதை வரலாறு சொல்லும். எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைப் பௌதிகம் சொல்லும். இவ்விரண்டையும் வரிசையாகக் காண்போம்.

பந்தயக் காரின் உறவு

நம் ஊர்த் தெருக்களில் அமைதியாக ஓடிய பத்மினிக்கும் இத்தாலியப் பந்தயக் கார்களுக்கும் உறவு உண்டு என்றால் வியப்பாக இருக்கும். அந்த உறவு எஞ்சினில் இருக்கிறது.

1937-ஆம் ஆண்டில் இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த பியட் நிறுவனம் 508 சி என்ற காரை வெளியிட்டது. அதை உருவாக்கியதில் பெரும்பங்கு தாந்தே ஜியகோசா என்ற பொறியாளருடையது. அதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 68 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மி.மீ. உருளையின் கன அளவு காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். ஆரம் 3.4 செ.மீ.; அதன் வர்க்கத்தைப் பையால் பெருக்கி, 7.5 செ.மீ. உயரத்தாலும், நான்கு என்ற எண்ணாலும் பெருக்குங்கள். ஏறக்குறைய 1,089 கன செ.மீ. கிடைக்கும். காரின் பெயரில் உள்ள ‘1100’ இதிலிருந்து வந்ததே.

ஆல்பா ரோமியோ நிறுவனத்தை விட்டு 1939-இல் விலகிய என்சோ பெராரி, தமது சொந்தப் பட்டறையில் முதன்முதலாகக் கட்டிய பந்தயக் கார் ‘815’ எனப்படும். எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர் என்பது அந்த எண்ணின் பொருள். 508 சி எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு, அதன் சிலிண்டர் தலைகள் இரண்டை வரிசையாக வைத்து, புதிய அலுமினியக் கட்டையின்மேல் அமைத்தார்கள். 1940 ஏப்ரலில் பிரஷியா நகரில் நடந்த பந்தயத்தில் இரண்டு 815 கார்கள் ஓடின. இரண்டுமே பழுதடைந்து இடையில் நின்றுவிட்டன என்றாலும், பெராரி வரலாறு அங்கே தொடங்கிற்று. போருக்குப் பின் வந்த சிசிதாலியா 202 என்ற அழகிய விளையாட்டுக் காரும் பியட் 1100 எஞ்சினையே பயன்படுத்தியது. பினின்பரினா வடிவமைத்த அந்தக் கார் இன்று நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

அந்த எஞ்சினின் வழித்தோன்றல்தான் பத்மினியின் மூடிக்குள் இருப்பது. விட்டமும் தூரமும் அதே 68, அதே 75. ஆற்றல் மட்டும் சுமார் 40 குதிரைத் திறன். குடும்பக் காருக்கு அது போதும்.

குர்லாவில் ஒரு நீண்ட வாழ்க்கை

வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் 1944-இல் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ஆலை பம்பாயின் குர்லா பகுதியில் இருந்தது. விடுதலைக்குப் பிறகு, பாகங்களை இந்தியாவிலேயே தயாரிக்கத் திட்டமில்லாத நிறுவனங்கள் இங்கே கார் பூட்டக் கூடாது என்று 1953-இல் அரசு முடிவெடுத்தது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. பியட்டின் துணையுடன் பிரிமியர் நிலைத்தது. 1954-இல் 1100-103 என்ற கார் வந்தது. 1964-இல் 1100 டி வந்தது. பின்னர் அது பிரிமியர் பிரசிடென்ட் ஆகி, 1974-இல் சித்தூர் ராணியின் பெயரால் பத்மினி ஆயிற்று. ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டு வரை அதன் உற்பத்தி நடந்தது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளில் கடைசிப் பத்மினி 2023 அக்டோபரில்தான் ஓய்வு பெற்றது.

இந்த வரலாற்றில் வாங்குபவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. அடிப்படை வடிவம் முப்பத்தைந்து ஆண்டுகள் பெரிதாக மாறவில்லை. எனவே 1966-ஆம் ஆண்டு வண்டியில் 1992-ஆம் ஆண்டு எஞ்சினைப் பொருத்த முடியும். கதவையும் விளக்கையும் மாற்றிக்கொள்ள முடியும். உதிரிப் பாகம் கிடைப்பது எளிது என்பது இதன் நன்மை. மூன்று வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு வண்டி என்று விற்கவும் முடியும் என்பது இதன் தீமை. ஆகவே முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பொறித்த எண்ணைச் சுற்றி ராவியதோ பற்றவைத்ததோ தெரிந்தால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. அங்கே மாற்றியமைத்த பியட்டுகளும் ஓடியதுண்டு. “இது பந்தயத்தில் ஓடிய வண்டி” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பெருமைக்கு விலை கொடுக்குமுன் அந்த உலோகம் பட்ட பாட்டையும் எண்ணிப் பாருங்கள்.

தனி எலும்புக்கூடு இல்லாத உடல்

அறுபதுகளில் சென்னை அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற கார் தயாராயிற்று. அதன் உருவத்தை வரைந்தவரும் ஓர் இத்தாலியரே, மிக்கேலோத்தி என்பவர். ஆனால் ஹெரால்டுக்குத் தனியான இரும்புச் சட்டம் உண்டு. அதன்மேல் உடல் பொருத்தப்படும். பியட் 1100-103-க்கும் பத்மினிக்கும் அப்படித் தனிச் சட்டம் இல்லை. வளைத்துப் பற்றவைத்த மெல்லிய தகடுகளே உடலாகவும் எலும்பாகவும் இருக்கின்றன.

மெல்லிய தகடு எப்படிச் சுமை தாங்குகிறது? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். துணி சுற்றிவரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து இரு கைகளாலும் முறுக்குங்கள். அது அசையாது. இப்போது கத்தியால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழித்துவிட்டு மீண்டும் முறுக்குங்கள். எளிதாகத் திருகிவிடும். அட்டை குறையவில்லை, மூடிய வடிவம் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

பத்மினியின் கதவுகளுக்கு அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டி வடிவப் பகுதி இப்படிப்பட்ட மூடிய குழாயே. துரு அதை அரித்து ஓர் ஓட்டை விழுந்தால், கிழித்த அட்டைக் குழாய் போல ஆகிவிடும். ஆகையால், மட்கார்டில் உள்ள துரு அழகுக் குறை. கதவடிப் பெட்டியிலும் தரையிலும் உள்ள துரு உயிர்க் குறை. வண்டியின் ஒரு மூலையை ஜாக்கியால் சற்றே உயர்த்தி, அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு சரியாக மூடிய கதவு இப்போது தட்டினால் உடல் வலுவிழந்துவிட்டது என்று பொருள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

திருப்பூர் வட்டாரத்தில் துருவுக்குத் துணைபுரியும் ஒரு காரணமும் உண்டு. சாயம் நூலில் பிடிக்க உப்பு ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. பல ஆண்டுகள் அந்தக் கழிவுநீர் நொய்யலிலும் நிலத்தடியிலும் கலந்தது. 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவிற்கு நிலைமை முற்றியது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. எனவே உப்புநீரில் அது விரைவாக நடைபெறும். உப்பேறிய ஆழ்குழாய் நீரால் நாள்தோறும் கழுவிய கார், வெளியே பளிச்சென்று இருந்தாலும் மடிப்புகளுக்குள் அரித்திருக்கக்கூடும். விற்பவரிடம் “வண்டியை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?” என்று கேட்பது வீண் கேள்வி அன்று.

ஓட்டை விழுந்த தகட்டைச் சிலர் வெட்டி, புதுத் தகடு பற்றவைப்பார்கள். சிலர் பட்டி பூசி, மேலே வண்ணம் அடித்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தம் போதும். வண்ணத்தில் கீறல் விழாதபடி பனியன் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். காந்தத்தின் இழுவிசை தொலைவு கூடக்கூட மிக வேகமாகக் குறையும். வண்ணத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதியே. அதைக் கடந்து காந்தம் ஒட்டிக்கொள்ளும். பல மில்லிமீட்டர் பட்டியைக் கடந்து ஒட்டாது.

எஞ்சினின் மூச்சு

எஞ்சினைச் சோதிக்கப் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். போனவுடன் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் வண்டியை முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கலாம்.

புகையின் நிறத்தைக் கவனியுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை, நீர் உள்ளே கசிவதைக் காட்டும். ஆயில் அளக்கும் குச்சியில் ஆயில் பாலும் டிகாக்ஷனும் கலந்தாற்போல இருந்தால் இந்த ஐயம் உறுதிப்படும்.

அடுத்து அழுத்தச் சோதனை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியை வைத்து எஞ்சினைச் சுழற்ற வேண்டும். இதை மெக்கானிக்கைக் கொண்டே செய்யுங்கள். நான்கு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. உயராவிட்டால் குறை பெரும்பாலும் வால்வில் இருக்கும்.

நிறுத்தும் ஆற்றல்

பத்மினியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே. ஆட்களோடு 1,100 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 2,20,000 ஜூல். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு மேல் சூடாக்க இது போதும். காரை நிறுத்தும்போது இதில் பெரும்பகுதி வெப்பமாக டிரம்முகளில் இறங்குகிறது. அடுத்தடுத்துப் பலமுறை பிரேக் போட்டால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறையும். ஆளில்லாத நேர்ச்சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஐந்தாறு முறை நிறுத்திப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. மிதி வரவரக் கீழே இறங்கவும் கூடாது.

ஏட்டில் உள்ள வயது

பதிவு செய்து 50 ஆண்டுகள் நிறைந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அவற்றுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி எண் உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் சந்தைக்குப் போக எடுக்க முடியாது. அன்றாடப் பயன்பாட்டிற்குச் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வர வேண்டும். பதிவு உயிரோடு இருக்கிறதா, கடன் நிலுவை ஏதும் ஏட்டில் உள்ளதா என்பதை முன்பணம் கொடுக்குமுன் பாருங்கள்.

இனி அருள்புரத்து நீல வண்டிக்கு வருவோம். எண்கள் பொருந்தின. எஞ்சின் இனிமையாகவே ஓடியது. பெரியவரின் முகமும் மலர்ந்தது. பிறகு கதவுக்கு அடியில் காந்தத்தை வைத்தேன். அது நழுவிக் கீழே விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தேன்; மீண்டும் விழுந்தது. மூன்றாம் முறை அவரே கையில் வாங்கி வைத்துப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. வீடு திரும்பும் வழியில், “துணின்னா பொரட்டிப் பாத்துருப்பனுங்க. இது காருன்னதும் மறந்துட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

பனியன் துணியின் தரத்தை அறிய அதன் உட்புறத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்த பாடம். பௌதிகம் புதிதாக எதையும் சொல்லவில்லை. அதே பாடத்தை உலோகத்திற்கும் சொல்கிறது. பெரியவர் இன்னும் வண்டி தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தக் காந்தம் இப்போது அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது.